ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது சாலைதான்

இராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் என்று கடலை ஒட்டியே எண்ணூர் வரை போகிறது வடசென்னையின் சாலை. ஒரு பக்கம் அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கல், மறுபக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள். நடுவில் தார், கான்கிரீட், ஒட்டுப்போட்ட தார், மழைநீர் அரித்த ஓரம், சாலையைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும் பாதாளச் சாக்கடை மூடி. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒருவர் தினமும் ஓட்ட வேண்டிய சாலை இதுவாக இருந்தால், அந்த வண்டிக்கு எப்படிப்பட்ட சஸ்பென்ஷன் பொருந்தும்? இந்த அத்தியாயத்தின் கேள்வி இதுதான்.

கேள்விக்கு இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார்களை. லாரியும் பஸ்ஸும் அதன் பிறகே வந்தன. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் தயாரித்தது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்து 1940களின் கடைசியில் இங்கிலாந்தில் வெளிவந்த அந்த மோட்டார் சைக்கிள், அக்காலத்தில் சஸ்பென்ஷன் துறையில் முன்னோடி. 1946இல் திருவொற்றியூர் கொட்டகை ஒன்றில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப்., 1961இல் அதே ஊரில் டயர் தொழிற்சாலை கண்டது. வண்டி, ஸ்பிரிங், டயர் மூன்றையும் ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கையால் தொட்டுப் பழகிய மண் இது.

இருந்தும் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் இங்கேயும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: ஸ்பிரிங்கை இறுக்கமாகப் போடு, வண்டியைத் தரையோடு இறக்கு. பந்தயக் கார்கள் அப்படித்தானே இருக்கின்றன என்பது அதன் நியாயம். பந்தயத் தளத்துக்கு அந்த நியாயம் பெரும்பாலும் சரி. எண்ணூர் சாலைக்கு அது தவறு. சொகுசு குறையும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பிடிப்பே குறைந்துவிடும், பிரேக்கே பிடிக்காமல் போகும். கணக்குப் போட்டே இதைக் காட்டிவிடலாம்.

சாலை ஏன் இப்படி இருக்கிறது

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சோதனைக்கென்றே சாலைகள் போட்டு அவற்றின் மேல் இரவும் பகலும் லாரிகளை ஓட்டினார்கள். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட விதி: ஓர் அச்சு சாலைக்குச் செய்யும் சேதம், அந்த அச்சின் மேல் உள்ள சுமையின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறுகிறது. சுமை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு.

இதை நம் சாலைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் அச்சில் சுமார் 600 கிலோ இருக்கும். நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு இந்தியாவில் 2018 வரை இருந்த உச்சவரம்பு 10.2 டன். பதினேழு மடங்கு. பதினேழின் நான்காம் அடுக்கு 83,521. அதாவது, முழுச் சுமையோடு போகும் ஒரு லாரி அச்சு ஒரே தடவையில் செய்யும் சேதத்தைச் செய்ய, காரின் அச்சு எண்பதாயிரம் தடவைக்கு மேல் போய் வர வேண்டும். 2018இல் அந்த வரம்பு 11.5 டன்னாக உயர்ந்தது. சுமை கூடியது எட்டில் ஒரு பங்குதான். நான்காம் அடுக்குக் கணக்கில் சேதம் 60 சதவீதம் கூடுகிறது.

சென்னைத் துறைமுகத்தில் 1983 முதல் கன்டெய்னர் முனையம் இயங்குகிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. இன்று அது காமராஜர் துறைமுகம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இத்தனை இடங்களுக்கும் போகும் கனரக வண்டிகள் பிரேக் பிடிக்கும் சிக்னல்களில் தார் அலையலையாகத் திரண்டு நிற்பதைப் பார்க்கலாம். டிரெய்லர் திரும்பும் முனைகளில் சக்கரத் தடம் குழிந்திருக்கும். இந்தப் பரப்பு சரியாகும்வரை காத்திருக்க முடியாது. புதிதாகப் போட்டாலும் சில மழைக்காலங்களில் மீண்டும் இதே நிலைக்கு வரும். ஆகவே சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுக்கும்போது சாலையின் வடிவத்தையே முதல் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உடலுக்கு ஒரு தாளம், சக்கரத்துக்கு ஒரு தாளம்

காரை இரண்டு பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருப்பது உடல்: எஞ்சின், கூடு, ஓட்டுநர் எல்லாம் அதில் அடக்கம். ஸ்பிரிங்குக்குக் கீழே சாலையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது சக்கரம், டயர், பிரேக் டிஸ்க். இரண்டுக்கும் தனித்தனியான இயல்பு அதிர்வெண் உண்டு.

உடலின் அதிர்வெண்ணை அறிய, நிற்கும்போது வண்டியின் எடையால் சக்கரத்தருகே சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்ற ஒரே அளவு போதும். 25 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் உடல் நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும். 11 சென்டிமீட்டர் என்றால் ஒன்றரை முறை. 6 சென்டிமீட்டர் சொச்சம் என்றால் இரண்டு முறை. 4 சென்டிமீட்டர் என்றால் இரண்டரை முறை. குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5 முதல் 2 வரை. வேகத்தில் காற்று கீழே அழுத்துவதை நம்பி ஓடும் பந்தயக் கார்கள் 3ஐயும் தாண்டும்.

சக்கரத்தின் தாளம் வேறு. அதை மேலிருந்து ஸ்பிரிங்கும் கீழிருந்து டயரின் காற்றும் பிடித்திருக்கின்றன. டயர் மிகக் கடினமான ஸ்பிரிங். சக்கரமோ எடை குறைந்தது. அதனால் சக்கரம் நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளும்.

இப்போது சாலையின் கணக்கு. கான்கிரீட் சாலைகளில் பலகைகளுக்கு இடையிலான இணைப்பு பெரும்பாலும் நாலரை மீட்டருக்கு ஒன்று வரும். உடலின் அதிர்வெண் 1.6 ஆக இருந்தால், மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் இணைப்புகளின் தாளமும் உடலின் தாளமும் ஒன்றாகும். ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சு எப்படிக் கூடுமோ, அப்படி வண்டியின் ஆட்டம் கூடும். அதிர்வெண்ணை 2.5 ஆக்கினால் அந்த வேகம் 40 கிலோமீட்டருக்கு ஏறுகிறது. டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டும் ஒருவர் அதிக நேரம் இருக்கும் வேகம் எது? அந்த நாற்பதுதான். ஸ்பிரிங்கை இறுக்கியவர், வண்டி மிக மோசமாக ஆடும் வேகத்தைத் தன் அன்றாட வேகத்தின் மேலேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். போதாக்குறைக்கு, செங்குத்தாக வரும் அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியைத்தான் மனித உடல் மிகக் கூர்மையாக உணர்கிறது. ஸ்பிரிங் இறுக இறுக அந்த அதிர்வு வடிகட்டப்படாமல் இருக்கைக்கு வருகிறது.

நாற்பது மில்லிமீட்டர் பள்ளம்

பிடிப்பின் கதைக்கு வருவோம். ஒரு சக்கரத்தின் பங்குக்கு உடல் எடை 250 கிலோ, சக்கரத்தின் எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது டயர் சாலையை அழுத்தும் எடை 290 கிலோ.

முதல் வண்டிக்கு 1.6 ஹெர்ட்ஸ். அதற்குச் சக்கரத்தருகே மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் கடினம் தேவை; உடலின் எடையால் 97 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். இரண்டாவது வண்டிக்கு 2.5 ஹெர்ட்ஸ். கடினம் மில்லிமீட்டருக்கு 62 நியூட்டன். அமுக்கம் வெறும் 40 மில்லிமீட்டர்.

இரண்டும் ஒரே வேகத்தில் 40 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பள்ளத்துக்கு மேல் போகின்றன. பள்ளம் குறுகியது, அதற்குள் உடல் இறங்க நேரம் இல்லை. சக்கரம் மட்டும் இறங்க வேண்டும். முதல் வண்டியில் 97 மில்லிமீட்டர் அமுக்கத்தில் 40 போனாலும் 57 மிச்சம். ஸ்பிரிங் இன்னும் 147 கிலோவோடு சக்கரத்தைக் கீழே தள்ளுகிறது. சக்கரத்தின் சொந்த எடையையும் சேர்த்தால் டயருக்கு 187 கிலோ. வழக்கமான சுமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாவது வண்டியில் 40 மில்லிமீட்டர் அமுக்கமும் தீர்ந்துவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்து நிற்கிறது. சாலையைத் தொடுவது சக்கரத்தின் 40 கிலோ மட்டுமே. ஏழில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் உடனே பூட்டிக்கொள்ளும்; ஏ.பி.எஸ். இருந்தால் அது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். இரண்டிலும் வண்டி நிற்கும் தூரம் நீளும்.

அதே 40 மில்லிமீட்டர் மேடாக இருந்தால்? முதல் வண்டியின் உடலுக்கு அதன் எடையில் நாற்பது சதவீத அளவுக்கு உதை. இரண்டாவதற்கு அதன் முழு எடைக்குச் சமமான உதை. இப்படிச் சுமை ஒரு கணம் எகிறி மறுகணம் வற்றும்போது, சராசரியாகப் பார்த்தால் ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. டயரின் பிடிப்பு சுமைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்புக்குக் கீழேயே நிற்கும். ஆகவே ஏற்ற இறக்கத்தில் இழந்தது இழந்ததுதான். மேட்டில் அது திரும்பக் கிடைக்காது. சாலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பிடிப்பு என்பது டயரின் சுமையை எவ்வளவு சீராக வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஷாக் அப்சார்பரின் பங்கு

ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் வண்டி அலைபாயாதா? அலைபாயும், ஷாக் அப்சார்பர் சரியில்லை என்றால். வண்டி "கெட்டியாக" இருப்பதாக ஓட்டுநர் உணர்வதில் பெரும் பங்கு ஷாக் அப்சார்பருடையது. 1962இல் வந்த லோட்டஸ் எலான் இதற்கு நல்ல சான்று. காலின் சாப்மனின் அந்தச் சிறிய கார், மென்மையான ஸ்பிரிங், சக்கரம் ஏறி இறங்க நீளமான பயணம், கட்டுப்பாடான ஷாக் அப்சார்பர் என்ற சேர்க்கையால் வளைவில் எடுத்துக்காட்டாக நின்றது.

அசைவை ஒரே தடவையில், மறு ஊசல் இல்லாமல் அடக்கும் அளவை 1 என்று கொண்டால், குடும்பக் காரில் 0.2, 0.3 என்று இருக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு 0.4ஐ ஒட்டி வைப்பது நல்ல இடம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைத்து ஸ்பிரிங்கை மட்டும் 25இலிருந்து 62க்கு மாற்றினால், 0.3 ஆக இருந்த அடக்கம் 0.19க்கு விழுகிறது. ஸ்பிரிங் கடினமாகக் கடினமாக அதை அடக்க அதிக வலு வேண்டும். அந்த வலு பழைய ஷாக்கிடம் இல்லை. வண்டி இறுக்கமாகவும் ஆகும், குதிக்கவும் செய்யும். வெறும் ஸ்பிரிங் செட் வாங்கிப் பூட்டியவர்கள் பலர் கண்ட பலன் இதுதான்.

ஷாக் அப்சார்பர் அமுங்கும்போதும் நீளும்போதும் வேறுவேறு அளவில் தடுக்கும். நீளும்போது தடுப்பது பொதுவாக இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஸ்பிரிங் சேமித்த சக்தி உடலை மேலே எறியாமல் பிடிப்பது அந்தத் தடுப்புதான். அதைத் தேவைக்கு மேல் திருகிவிட்டாலும் ஆபத்து. 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை மீட்டர் இணைப்புகள் நொடிக்கு நான்கு என்ற கணக்கில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அமுங்கிய சக்கரம் முழுதாக நீள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து கடைசியில் ரப்பர் தடுப்பில் போய் உட்காரும். அதற்குப் பிறகு சஸ்பென்ஷன் என்று ஒன்று இல்லை. அதனால் திருகு வைத்த ஷாக் வாங்குகிறவர், கடினத்திலிருந்து தொடங்காமல் மென்மையான முனையிலிருந்து ஒவ்வொரு கிளிக்காக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டி ஒரு மேட்டைத் தாண்டி ஒரே அசைவில் அமர்ந்தால் அங்கே நிறுத்திவிடலாம்.

முன்னும் பின்னும் ஒரே அதிர்வெண் வைப்பதும் சரியல்ல. 1930களின் தொடக்கத்தில், ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், எடையை முன்பின்னாக நகர்த்திப் பார்க்க வசதி செய்த ஒரு கெடிலாக் காரில் சோதனை செய்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். சற்று நேரம் கழித்தே பின்சக்கரம். பின்புறம் கொஞ்சம் வேகமாக அசைந்தால் அது முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி மூக்கும் வாலுமாக ஆடாமல் மட்டமாக ஏறி இறங்கும். முன்னே 1.5 என்றால் பின்னே 1.7 என்ற அளவு இன்றும் நல்ல தொடக்கம்.

ஹெரால்டு சொல்லும் பாடம்

சாலை மாறினால் சஸ்பென்ஷனும் மாற வேண்டும் என்பதற்குச் சென்னையே ஒரு சான்றை வைத்திருக்கிறது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1960களில் இங்கே தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் உடன்பிறப்பு. அதன் அடிச்சட்டத்தைத் தழுவித்தான் ட்ரையம்ஃப் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது.

இரண்டுக்கும் பின்புறத்தில் ஸ்விங் ஆக்சில். நடுவில் டிஃபரென்ஷியல் சட்டத்தோடு அசையாமல் நிற்கும்; அதிலிருந்து இரு பக்கமும் அரை அச்சுகள் கீல் வைத்ததுபோல ஆடும். குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் இரண்டையும் தாங்கும். ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும் என்பது இதன் பலம். ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அது சாய்வதும் மாறும். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்புறம் மேலெழும்பும்; வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும்; பிடிப்பு சட்டென்று அறும்.

இங்கிலாந்தில் 1970இல் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயரில் ட்ரையம்ஃப் கண்ட தீர்வு, இறுக்கத்தைக் குறைப்பது. குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கின் பெரும்பகுதி நடுவில் ஒரு கீலில் ஆடும்படி விடப்பட்டது. மேடு பள்ளத்துக்கு ஸ்பிரிங் பழையபடி வேலை செய்யும். உடல் சாயும்போது மட்டும் பின்புறம் எதிர்க்காது. சாய்வைத் தடுக்கும் பொறுப்பு முன்புறத்துத் தடித்த கம்பிக்குப் போனது. மென்மையாக்கியதால் வண்டி பத்திரமானது.

சென்னையில் தீர்வு வேறு. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் ஸ்விங் ஆக்சிலே இல்லை. முழு நீளக் கெட்டி அச்சு வந்தது. நான்கு பேரும் பின்னால் மூட்டை முடிச்சுமாக ஏறினால் ஸ்விங் ஆக்சில் வண்டியின் பின்சக்கரங்கள் விரிந்து சாயும். பள்ளத்தில் அச்சின் மூட்டுகள் அடி வாங்கும். கெட்டி அச்சில் எடை ஏறினாலும் சக்கரம் நேராக நிற்கும். அதன் எடை அதிகம், ஒரு சக்கரம் ஏறினால் மறுசக்கரமும் சாயும் என்ற குறைகள் உண்டு. நம் சாலைக்கும் சுமைக்கும் அந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்வது எளிது.

ஒரே அடிச்சட்டம், ஒரே நோய், ஏறத்தாழ ஒரே காலம். இரண்டு நாடுகளின் சாலைகள் இரண்டு மருந்தைக் கேட்டன.

சாலைக்கும் பந்தயத் தளத்துக்கும் நடுவிலும் இதே வித்தியாசம்தான். வடசென்னைக்கு வெகு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனித் தளம் அமைந்தது. அங்கே பரப்பு தெரிந்தது. எதிரே வண்டி வராது. மணலில் சறுக்கினாலும் இடம் உண்டு. அந்தத் தளத்துக்காகக் கண்டுபிடித்த ஸ்பிரிங் எண், தண்டையார்பேட்டை சிக்னலுக்குப் பதிலாகாது.

வண்டியை இறக்குவதன் விலை

வண்டியை இறக்கினால் எடையின் மையம் தாழும், சாய்வு குறையும் என்பது பாதி உண்மை. இன்றைய பெரும்பாலான கார்களில் முன்புறம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் இருக்கிறது. அதை இறக்கும்போது லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்கிறது. உடல் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்தப் புள்ளி, எடையின் மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடைத்தூரம் நீள்கிறது. சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிட்டது. இறக்கிய வண்டி, ஸ்பிரிங்கை இறுக்காவிட்டால், முன்பைவிட அதிகமாகச் சாயக்கூடும்.

வேகத்தடையையும் கணக்கில் எடுப்போம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளி உள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது, தடை வயிற்றுப் பக்கம் 46 மில்லிமீட்டரைத் தின்றுவிடுகிறது. தரையிலிருந்து 130 மில்லிமீட்டர் உயரம் இருந்த காரை 40 இறக்கினால் மிச்சம் 44 மட்டுமே. சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கினாலும் தட்டும். தெருக்காரர்கள் தாங்களே கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய தடைகள் இந்த வரையறைக்குள் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை அறுத்து இறக்குவது எல்லாவற்றிலும் மோசம். ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் கடினம் 20 சதவீதம் கூடுகிறது, பயணம் குறைகிறது, தட்டையாக்கிய முனை போய்விடுவதால் ஸ்பிரிங் அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

சாய்வைக் குறைக்க நேர்மையான வழி, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பார். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது அது சும்மா இருக்கும். வளைவில் உடல் சாயும்போது மட்டும் முறுக்கி எதிர்க்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது மறுபக்கத்தையும் அது இழுக்கும் என்பதால், ஓரம் அரித்த சாலைக்கு ஒரு படி தடிப்பு கூட்டினால் போதும். முன்புறத்தைத் தடிப்பாக்கினால் வண்டி வளைவில் நேராகப் போகப் பார்க்கும். பின்புறத்தைத் தடிப்பாக்கினால் வால் வெளியே தள்ளும். மழையில் நனைந்த சாலையில் முன்னதைச் சமாளிப்பது எளிது.

டயர், உப்பு, சாம்பல்

சாலையை முதலில் சந்திக்கும் ஸ்பிரிங் டயர். 205/55 அளவில் 16 அங்குலச் சக்கரம் போட்டால் டயரின் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டர். தோற்றத்துக்காக 205/45இல் 17 அங்குலத்துக்கு மாறினால் 92. அந்த 21 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் கான்கிரீட் விளிம்புக்கும் அலாய் வீலுக்கும் நடுவில் நின்றவை. சக்கரம் பெரிதாகும்போது எடையும் பெரும்பாலும் கூடும். எடை கூடினால் சக்கரம் மெதுவாகத் துள்ளும், ஷாக் அப்சார்பர் அதை அடக்கத் திணறும். இந்தச் சாலைக்குச் சிறிய, எடை குறைந்த சக்கரமும் உயரமான பக்கச்சுவரும்தான் வேகம்.

அடுத்தது கடல். காயில் ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் சுமையால் மட்டும் அல்ல. மேல்பூச்சு ஒரு கல் பட்டு உரிகிறது. உப்புக் காற்று அங்கே நுண்ணிய குழி போடுகிறது. ஸ்பிரிங் முறுக்கித் தளரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழியின் அடியில் விரிசல் ஒரு மயிரிழை நகர்கிறது. ஒரு நாள் காலையில் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது. ஷாக் அப்சார்பரின் குரோம் கம்பியில் துருப்புள்ளி விழுந்தால் அது எண்ணெய் சீலைக் கிழிக்கும். எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து அதே சீலைத் தேய்க்கும். ஆகவே கம்பியை மூடும் ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, விலை உயர்ந்த ஷாக் வாங்குவதைவிட முந்திய வேலை. மரைபோட்டு உயரம் மாற்றும் காயில் ஓவர் வகைகளில் அந்த மரையே உப்பில் பிடித்துக்கொள்ளும். வாங்கினால் துருப்பிடிக்காத உடல் உள்ளதை வாங்கி, மரையைக் கழுவிக் கிரீஸ் தடவி வைக்க வேண்டும்.

எதை முதலில் மாற்றுவது

இனி வரிசை. முதலில் வண்டியை மேலே தூக்கி, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராட், ஷாக் மேல் மவுண்ட் எல்லாவற்றையும் அசைத்துப் பார்க்க வேண்டும். "வண்டி தட்டுகிறது", "ஸ்டீயரிங் அலைகிறது" என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். தேய்ந்த புஷ் உள்ள வண்டியில் புது ஸ்பிரிங் எதையும் காட்டாது. மாற்றும்போது ரப்பரே போதும். பாலியூரித்தேன் புஷ் கூர்மை தரும், கூடவே ஒவ்வொரு இணைப்பின் அதிர்வையும் உடலுக்கு அனுப்பும்.

இரண்டாவது டயரும் காற்றழுத்தமும். மூன்றாவது நான்கு புதிய ஷாக் அப்சார்பர். பழைய ஸ்பிரிங்கோடே ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். அதன் பிறகும் தேவை என்றால் நான்காவதாக ஸ்பிரிங். முன்னே 1.5, பின்னே 1.7 ஹெர்ட்ஸை ஒட்டித் தேர்ந்தெடுத்தால் இந்தச் சாலைக்குப் பொருந்தும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சக்கரம் ஒரு சென்டிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 6 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், அந்த விகிதத்தின் வர்க்கம்தான் சக்கரத்தருகே கிடைக்கும் கடினம்: நூற்றுக்கு 36. டபுள் விஷ்போன் வண்டிக்கும் ஸ்ட்ரட் வண்டிக்கும் ஒரே எண் ஒரே பலனைத் தராதது இதனால்தான். ஐந்தாவது ஆன்டி ரோல் பார். கடைசியாக வீல் அலைன்மெண்ட். ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்தே அதைச் செய்ய வேண்டும்.

செய்த வேலை சரியா என்று எப்படி அறிவது? வளைவில் எவ்வளவு வேகம் என்பது பந்தயத் தளத்தின் அளவுகோல். சாலைக்கு அளவுகோல் பிரேக். நம் வழியில் மிக மோசமாக இருக்கும் துண்டில், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் உறுதியாகப் பிரேக் மிதித்துப் பார்க்க வேண்டும். வண்டி நேராக நின்றால், ஏ.பி.எஸ். ஓயாமல் துடிக்கவில்லை என்றால், நான்கு டயரும் தரையில் இருக்கின்றன. டிரெய்லருக்கும் நமக்கும் நடுவில் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துப் பைக்கில் போகிறவர், மீன்கூடையோடு குறுக்கே கடக்கிறவர், எல்லாரும் நம்பியிருப்பது அந்த நான்கு டயர்களைத்தான். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் ஆசை நியாயமானது. அந்த ஆசைக்குப் போடும் ஸ்பிரிங், பக்கத்தில் போகிறவரையும் சேர்த்துக் கணக்கிட்டதாக இருக்க வேண்டும்.